யோனத்தான் வராத நாள்

2013-ல் என் போனில் 'ஐயா ஜெபம்' என்ற பெயரில் ஒரு எண் இருந்தது. அப்போது தாம்பரம் பக்கம் குடியிருந்தோம், திருநெல்வேலிப் பக்கத்து ஊரை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த எண்ணுக்குரியவர் ஓர் ஊழியர், அதாவது கிறிஸ்தவ ஜெப ஊழியம் செய்கிறவர். காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார், ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் அவருக்குப் போன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனை வந்தது, வாங்கலாமா என்று போன். "கர்த்தர் தடுக்கிறார் தம்பி" என்றார், விட்டுவிட்டேன். வேலை மாறலாமா என்று கேட்டேன். "திறந்த வாசல்" என்றார், மாறினேன். எட்டு மாதத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

வேலை போனதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்பெனிகள் மூடத்தான் செய்யும். என்னை உலுக்கியது அன்றைக்கு ராத்திரி என் மனைவி கேட்ட ஒரு கேள்விதான். "அவர் சொன்னார், சரி. நீங்க ஜெபம் பண்ணும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு?" யோசித்துப் பார்த்தேன். அந்த வேலைக்காக நான் ஒரு தடவைகூட முழங்கால் போடவில்லை. சபையில், வீட்டு ஜெபக்கூட்டத்தில், வாட்ஸ்அப்பில் என்று எத்தனையோ பேரிடம் 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருக்கிறேன், அவர்களும் உண்மையாகவே ஜெபித்திருப்பார்கள், ஆனால் அந்த வரிசையில் நான் இல்லை. என் வாழ்க்கையைப் பற்றி தேவனிடம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தவிர.

இதை எழுதும்போது அந்த வெட்கம் இன்னும் லேசாகக் கன்னத்தில் சுடுகிறது. ஆனால் நம் சபைகளில் இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், கன்வென்ஷனில் கை தூக்குகிறோம், தீர்க்கதரிசனம் சொல்கிறவர் வந்திருக்கிறார் என்றால் வரிசையில் நிற்கிறோம். இதில் எதையும் நான் கேலி செய்யவில்லை, இவற்றால் தாங்கப்பட்டவன் நான். ஆனால் நமக்கும் தேவனுக்கும் நடுவே நாம் பேச வேண்டிய இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு, அதையே விசுவாசம் என்று நம்பிக்கொண்டிருக்க முடிகிறது. பல வருஷம் முடிகிறது.

சரி, அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், நேர் எதிர்ப் பக்கம் போனேன். அந்த எண்ணைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, நானும் வேதமும் மட்டும் என்று உட்கார்ந்தேன். அந்த முதல் வருஷம் என் வாழ்க்கையின் மிக நல்ல வருஷங்களில் ஒன்று, அதை மறைக்க மாட்டேன். ஞாயிறு பள்ளி நாளிலிருந்து வேதம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை ஒரு வசனம் விடாமல் வாசித்தது அதுதான் முதல் தடவை.

அப்படி வாசிக்கும்போதுதான் 1 இராஜாக்கள் 13-ல் நின்றேன். யூதாவிலிருந்து ஒரு தேவனுடைய மனுஷன் பெத்தேலுக்கு வருகிறான். அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியாய்த் திரும்பாதே என்று கர்த்தர் அவனுக்கு நேரடியாகச் சொல்லியிருக்கிறார். ராஜாவே விருந்துக்குக் கூப்பிட்டும் அவன் அசையவில்லை. அப்புறம் ஒரு கிழவனான தீர்க்கதரிசி கழுதையில் ஏறிப் பின்னாலேயே வந்து, உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான், வீட்டுக்கு வந்து சாப்பிடும் என்கிறான். அது பொய். ஆனால் இவன் போய்ச் சாப்பிடுகிறான், திரும்பும் வழியில் ஒரு சிங்கம் அவனைக் கொன்றுபோடுகிறது. ராஜாவின் அதிகாரத்துக்குப் பணியாதவன் ஒரு பெரியவரின் அனுபவத்துக்குப் பணிந்துவிட்டான். தனக்குச் சொல்லப்பட்டதோடு அந்த வார்த்தையை ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த 13-ம் அதிகாரத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வாசித்து முடித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வருஷத்தில் வேறொன்று நடந்தது. எப்போது தொடங்கியது என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை, மெதுவாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து பிரசங்கத்துக்கு மனதுக்குள் மார்க் போட ஆரம்பித்தேன். சபைப் போதகரான ஐயர் ஒரு வசனத்தைச் சந்தர்ப்பத்தை விட்டு எடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவேன். சாட்சி சொல்ல எழுந்திருக்கிற அக்காமார்களின் இலக்கணம் தப்பான ஜெபங்கள் எனக்குச் சலிப்பாக இருந்தன. அவர்கள் யாருடைய கஷ்டமும் எனக்குத் தெரியாது. என்னுடையதும் அவர்களுக்குத் தெரியாது. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவில் பிஷப்பாக இருந்த பசில், தனியாக வனாந்தரத்தில் போய் வாழ்வதே உயர்ந்த பக்தி என்று நினைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: நீ தனியே இருந்தால் யாருடைய கால்களைக் கழுவுவாய்? இதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதே யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

அதோடு கடன். வேலையில்லாமல் இருந்த மாதங்களில் மூன்று கிரெடிட் கார்டுகளில் ஏறிய தொகை, புது வேலை கிடைத்த பின்னும் வட்டியோடு வளர்ந்துகொண்டே போனது. மனைவியிடம் சொல்லவில்லை. தேவனிடம் மட்டும் சொன்னேன், தினமும் சொன்னேன், கண்ணீரோடு சொன்னேன். ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக் கிடைத்த சமாதானத்தோடு எழுந்து, அதே வாரத்தில் ஒரு கார்டை வைத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவேன். ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்கிற ஜெர்மானியப் போதகர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹிட்லரின் ஆட்சிக்கு வளைந்துகொடுக்காத சபைக்குப் போதகர்களை உருவாக்க, 1935-ல் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் ஒரு குருமடத்தை நடத்தினார். 1937-ல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை மூடியது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் தன் மாணவர்களுக்கு வைத்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. தினமும் ஒவ்வொருவனும் அரைமணி நேரம் தனியாக, பேசாமல், ஒரு சின்ன வேதபகுதியோடு உட்கார வேண்டும், ஒரு வாரம் முழுக்க அதே பகுதி. மாணவர்கள் இதைக் கேட்டுத் திகைத்தார்கள், அரைமணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறினார்கள். இன்னொரு பக்கம், திருவிருந்துக்கு முன்னால் ஒரு சகோதரனிடம் தன் பாவத்தை அறிக்கையிடும் பழக்கத்தையும் கொண்டுவந்தார். ஏன் மனுஷனிடம் சொல்ல வேண்டும், தேவனிடம் சொன்னால் போதாதா? அவர் சொன்ன காரணம் என்னைக் குத்தியது. தேவனிடம் மட்டும் சொல்கிறோம் என்று நினைக்கும்போது, நாமே நம்மிடம் சொல்லி நாமே நமக்கு மன்னிப்புக் கொடுத்துக்கொள்கிற ஆபத்து இருக்கிறது, திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். என் ஒன்றரை வருஷத்தை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

கடைசியில் எங்கள் சபையில் ஓர் அண்ணனிடம் சொன்னேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். ஆராதனை முடிந்து கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, தொகையோடு சேர்த்துச் சொன்னேன். அவர் உடனே என் தலையில் கை வைத்து ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்விதான்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"இன்னைக்குச் சொல்லிரு. அப்புறம், நாளைக்குக் காலையில இதுக்காக நீ என்னன்னு ஜெபம் பண்ணப் போற?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படியென்றால் இப்போதே பண்ணு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். அங்கேயே, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூன்று கார்டுகளின் பெயரையும் சொல்லி நான் ஜெபித்தேன். அவர் ஆமென் மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அந்த ராத்திரியைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அந்த அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டோடு வீட்டுக்கு வந்தார். கடன் தீரும் வரை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை வந்தார். கணக்கை நான்தான் எழுத வேண்டும், அவர் பார்ப்பார். காபி குடிப்பார். போய்விடுவார்.

அந்த ஊழியரும் எனக்கு உதவினார், இந்த அண்ணனும் உதவினார். ஒருவரிடம் போய்த் திரும்பும்போது நான் சின்னவனாகிக்கொண்டே போனேன், இன்னொருவரிடம் போய்த் திரும்பும்போது வளர்ந்தேன். என்ன வித்தியாசம் என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. சாமுவேலின் முதலாம் புத்தகத்தில்தான் அதற்கு ஒரு சொல் கிடைத்தது.

23-ம் அதிகாரத்தில் தாவீது சீப் வனாந்தரத்துக் காட்டில் ஒளிந்திருக்கிறான், அவனைக் கொல்ல ராஜாவாகிய சவுல் தேடிக்கொண்டிருக்கிறான். சவுலின் மகன் யோனத்தான் எழுந்து காட்டுக்குப் போய், 'தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தி'னான் என்று 16-ம் வசனம் சொல்கிறது. இளவரசன் அவன். அரண்மனையில் ஒளித்து வைக்கிறேன் என்றோ, என்னோடு வா என்றோ சொல்லவில்லை. பயப்படாதே என்று சொல்லி, உடன்படிக்கை பண்ணி, தன் வீட்டுக்குப் போய்விட்டான். தாவீது காட்டிலேயே இருந்தான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சந்தித்ததாக வேதத்தில் இல்லை.

ஏழு அதிகாரம் தள்ளி, 30-ல், தாவீதும் அவன் ஆட்களும் குடியிருந்த சிக்லாகு எரிந்துகிடக்கிறது. அமலேக்கியர் மனைவி பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அழுவதற்குப் பெலனில்லாமல் போகுமட்டும் அழுகிறார்கள். கூட இருந்த ஆட்களே தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்போது, 'தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்.' அதே சொல். நம் தமிழ் வேதத்திலும் திடப்படுத்துதல்தான், எபிரெயத்திலும் அதே வினைச்சொல்தான். அன்றைக்கு காட்டில் யோனத்தான் அவனுக்குச் செய்ததை, இன்றைக்கு யோனத்தான் இல்லாத இடத்தில் அவன் தனக்குச் செய்துகொள்கிறான். யோனத்தான் எங்கே? அடுத்த அதிகாரத்தில் கில்போவா மலையில் செத்துக்கிடக்கிறான். அமலேக்கியரை முறியடித்துத் தாவீது சிக்லாகுக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் அந்தச் செய்தி வருகிறது. தாவீது தன்னைத் திடப்படுத்திக்கொண்ட அந்த நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில்தான் அவனைத் திடப்படுத்தியவன் செத்திருக்கிறான், அது அவனுக்குத் தெரியக்கூட இல்லை. எத்தனை தடவை வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

யோனத்தான் தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை, தேவனுக்குள் தாவீதின் கையைத் திடப்படுத்தினான். நான் 'ஐயா ஜெபம்' எண்ணைக் கூப்பிட்டபோது எனக்குக் கிடைத்தது அவருடைய கை. அண்ணன் திடப்படுத்தியது என் கையை.

அதோடு கதை நிற்கவும் இல்லை. தன்னைத் திடப்படுத்திக்கொண்ட தாவீது உடனே செய்தது ஆசாரியனாகிய அபியத்தாரைக் கூப்பிட்டு, தேவனிடம் விசாரிக்க ஆசாரியரின் உடையான ஏபோத்தைக் கொண்டுவரச் சொன்னதுதான். அப்புறம் வழி காட்டியது யார்? வியாதியாய்க் கிடந்ததால் எஜமான் கைவிட்டுப்போன ஓர் எகிப்திய அடிமை, மூன்று நாள் சாப்பிடாமல் வெளியில் கிடந்தவன். அறுநூறு பேரில் இருநூறு பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் களைத்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்று சிலர் சொன்னபோது, போருக்குப் போனவனுக்கும் மூட்டைகளுக்குக் காவலாக இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தாவீது பிரமாணமாகவே ஆக்கினான். தனியே நிற்கக் கற்றுக்கொண்டவன், நிற்க முடியாதவனைத் தள்ளவில்லை. என்னுடைய அந்த ஐந்து மணி ஜெபத்தின் இரண்டாவது வருஷத்தில் நான் தள்ளினேன், அந்த அக்காமார்களை.

கலாத்தியர் 6-ல் இரண்டாம் வசனம் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்கிறது, ஐந்தாம் வசனம் 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்கிறது. நடுவில் இரண்டே வசனம். சின்ன வயதில் இது பவுல் மறந்துபோய் எழுதியது என்று நினைத்தேன். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவது பாரோஸ், ஆளை அழுத்தி உட்கார வைத்துவிடும் கனம். இரண்டாவது ஃபோர்டியோன், ஒவ்வொருவருக்கும் உரிய சுமை, ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போகிற சரக்குக்கும் அதே சொல்தான். 'என் சுமை இலகுவாயும் இருக்கிறது' என்று இயேசு சொன்ன இடத்திலும் இந்த இரண்டாவது சொல்தான் வருகிறது. தமிழில் இரண்டும் பாரம் என்று ஆகிவிட்டதால் நமக்குக் குழப்பம். ஆனால் வாழ்க்கையிலும் அது அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கடன் இதில் எது? மாதாமாதம் கட்டியது நான்தான், என் சம்பளத்திலிருந்து. மறைத்து வைத்த கனத்தை ஒருவர் கூடப் பிடித்ததால்தான் கட்ட முடிந்தது. ஒரே கடன், இரண்டு சொல்லும் பொருந்துகிறது.

இதையெல்லாம் யோசிக்கும்போது ஊரில் என் பாட்டி ஞாபகம் வராமல் இருக்காது. விடியற்காலை நாலு மணிக்குப் புறவாசலில் உட்கார்ந்து தனியாக ஜெபிப்பாள், வாய்விட்டு, பேர் பேராகச் சொல்லி. சாயங்காலம் கோயில் மணி அடித்தால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவாள், அடுப்பில் எது இருந்தாலும் சரி. உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவாள். உபதேசியார் வீட்டுக்கு வந்தால் வேதத்தில் கேள்வி கேட்பாள், சமயத்தில் அவரையே திணறடித்துவிடுவாள். தன் காலில் நிற்பதா, பிறரைச் சார்ந்திருப்பதா என்ற கேள்வியே அவளுக்கு வந்திருக்காது. அவள் தனியாக ஜெபிக்கிற விடியற்காலை நாலு மணியும், கோயிலுக்குப் போகிற சாயங்காலம் ஆறு மணியும் ஒரே நாளில்தான் இருந்தன.

கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. மனப்பாடமாகச் சொன்ன சங்கீதம் ஒன்றும் வாயில் வரவில்லை. தெருப் பெண்கள் சாயங்கால ஜெபம் முடிந்து நேராக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், அவள் ஜெபித்த பெயர்களையெல்லாம் ஞாபகம் வைத்து அவர்கள் ஜெபிப்பார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், பரீட்சை நேரத்தில் சத்தமாக இருக்கிறதே என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று இருக்கிறது. நாற்பது வருஷம் தானாக நின்றவளுக்கு அந்தக் கடைசி ஏழு மாதம் மற்றவர்களின் விசுவாசம்தான் கட்டிலாக இருந்தது. அதில் அவளுக்கு ஒரு குறைச்சலும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வரும் நேரத்துக்குக் கண் வாசலைப் பார்த்தபடி இருக்கும்.

போன்ஹோஃபரை 1943 ஏப்ரலில் கைது செய்து பெர்லினில் டேகல் சிறையில் அடைத்தார்கள். சகோதரர்கள் இல்லை, கூட்டு ஜெபம் இல்லை. ஃபின்கன்வால்டேயில் பழகிய சங்கீதமும் தியானமும் இருந்தன. அதோடு, ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரைச் சேர்ந்த மொராவியச் சபையார் 1731 முதல் ஒவ்வொரு வருஷமும் அச்சிட்டு வரும் தினவசனப் புத்தகத்தையும் வாசித்தார். அதே நாளில் வெளியே அவருடைய நண்பர்களும் அதே வசனத்தை வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தனிச் சிறையில், கூட்டத்தோடு. நம் வாக்குத்தத்த அட்டையை நான் இப்போது வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது இதிலிருந்துதான். அட்டையை வீட்டில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியும், சிறையில் இருப்பவனைப்போல அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கவும் முடியும்.

இப்போது புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் திரும்பவும் போகிறேன். காலை ஐந்து மணியும் இருக்கிறது, சில நாள் தூங்கிவிடுகிறேன். முடிவு எடுக்க வேண்டியது வந்தால், முதலில் நான் ஜெபித்து, எனக்குத் தோன்றியதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, அதற்கப்புறம் இரண்டு பேரிடம் கேட்கிறேன். அவர்கள் வேறு சொன்னால் திரும்பவும் தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். பெரோயா பட்டணத்தில் இருந்தவர்கள் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்களே, பவுல் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக இல்லை.

போன மாதம் எங்கள் சபையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கூப்பிட்டான். கொஞ்ச நாளாக அடிக்கடி கூப்பிடுகிறான், வாரத்துக்கு மூன்று தடவை. பெண் பார்த்திருக்கிறார்கள், வீட்டில் சரி என்கிறார்கள், இவனுக்குக் குழப்பம். "அண்ணே, கர்த்தர் என்ன சொல்றார்னு ஜெபிச்சுச் சொல்லுங்க, நீங்க சொன்னா நான் சரின்னுருவேன்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஊழியருக்கும் என் போன் வரும்போதெல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது, அவர்மேல் புதிதாக ஒரு இரக்கமும் வந்தது.

"நான் ஜெபிக்கிறேன்டா, கண்டிப்பா ஜெபிக்கிறேன். நீ இதுவரைக்கும் இதுக்காக ஜெபம் பண்ணியிருக்கியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.

"இப்பப் பண்ணு. நான் லைன்லதான் இருக்கேன்."

"ரோட்டுல நிக்கேன்ணே."

"பரவாயில்ல."

கொஞ்ச நேரம் பஸ் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் ஆரம்பித்தான். ஆண்டவரே, என்றான். நின்றான். திரும்பவும், ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு, என்றான். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், அவன் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.